குழந்தை சொன்னபடியே

பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் சட்டம் 2012-இல் இயற்றப்பட்டது. போக்சோ என்ற சுருக்கப் பெயரால் எல்லோரும் அறிந்த சட்டம் இது. தண்டனைப் பிரிவுகளைப் பற்றிப் பேசப்பட்ட அளவுக்கு, இதில் மொழியைப் பற்றி வரும் சில உட்பிரிவுகள் பேசப்படவில்லை. புகார் தருவது குழந்தையாக இருந்தால், எழுதப்படுவது என்னவென்று அக்குழந்தைக்கே விளங்கும்படி எளிய மொழியில் எழுத வேண்டும் என்கிறது 19ஆம் பிரிவு. குழந்தைக்குத் தெரியாத மொழியில் எழுத நேர்ந்தால் மொழிபெயர்ப்பாளரை அமர்த்த வேண்டும் என்றும் அதே பிரிவு கூறுகிறது. வாக்குமூலத்தைக் குழந்தை சொன்னபடியே பதிய வேண்டும் என்பது 26ஆம் பிரிவு.

‘சொன்னபடியே’ என்ற இந்த ஒரு சொல்லை அளவுகோலாக எடுத்துக்கொண்டு, ஒரு மாவட்டத்தின் குழந்தைப் பாதுகாப்புப் புள்ளிவிவரம் எவ்வாறு உருவாகிறது என்று பார்க்கலாம். அதற்கு மைசூரு மிகவும் பொருத்தமான இடம். கன்னடமும் உருதும் தமிழும் தெலுங்கும் மலையாளமும் ஒரே தெருவில் கேட்கும் நகரம் அது. மாவட்டத்தின் தென்மேற்கில் எச்.டி.கோட்டை வட்டத்தின் காட்டோர ஹாடிகளில் ஜேனு குறுபரும் பெட்ட குறுபரும் எரவரும் தத்தம் வீட்டு மொழிகளில் பேசுகின்றனர். சென்னையிலிருந்து இரவில் புறப்படும் காவேரி விரைவு வண்டி காலையில் வந்து நிற்பதும் இங்கேதான். வீட்டை விட்டு வண்டியேறும் குழந்தைகளுக்கு எந்தப் பெரிய ரயில் நிலையமும் ஒரு கரைதான்.

மொழியறிவுக்கும் இங்கே பஞ்சமில்லை. இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் 1969-இல் தொடங்கப்பட்டது மைசூருவில்தான். அதற்கு முன்பே, 1965-இல், அகில இந்தியப் பேச்சு மற்றும் செவிப்புலன் நிறுவனம் இந்நகரில் அமைந்துவிட்டது. குழந்தை பேசுவதையும் பேச முடியாமல் இருப்பதையும் ஆராயும் அறிஞர்கள் இவ்வளவு பேர் கூடியிருக்கும் ஊர்கள் நாட்டில் அரிது. ஆனால் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் ஆண்டுதோறும் அச்சிடும் அட்டவணைகளில், குழந்தை எந்த மொழியில் பேசியது என்பதற்கு ஒரு பத்தி கூட இல்லை. மொழிபெயர்ப்பாளர் இருந்தாரா என்பதற்கும் இல்லை. சட்டம் கட்டாயமாக்கிய ஒன்று நடந்ததா இல்லையா என்பதை அந்த நூலைப் புரட்டி அறிய வழியில்லை.

துன்பத்துக்கு உள்ளான ஒரு குழந்தை எத்தனைப் பதிவேடுகளைக் கடந்து போகிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். 1098 என்ற எண்ணுக்கு அழைப்பு வந்தால், அங்கே எண்ணப்படுவது அழைப்பு. காவல் நிலையத்தில் எண்ணப்படுவது முதல் தகவல் அறிக்கை. இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் செய்தி குழந்தைகள் நலக் குழுவுக்குப் போக வேண்டும். தலைவர் ஒருவரும் உறுப்பினர் நால்வரும் கொண்ட அக்குழு எண்ணுவது தன் முன் நிறுத்தப்பட்ட குழந்தைகளையும் தான் பிறப்பித்த ஆணைகளையும். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு எண்ணுவது திட்டத்தின் கீழ் பயன்பெற்றோரை. இல்லம் எண்ணுவது தங்கியிருப்போரை. மருத்துவமனை எண்ணுவது பரிசோதனைகளை. சிறப்பு நீதிமன்றம் எண்ணுவது நிலுவையில் உள்ள வழக்குகளை. குழந்தை ஒன்றே, அதைத் தாங்கிய எண்கள் ஏழு. அவற்றைக் கூட்டினால் ஒரே குழந்தை ஏழு முறை எண்ணப்படும். கூட்டாமல் விட்டால், ஒரு பதிவேட்டிலிருந்து அடுத்ததற்குப் போகும் வழியில் தவறிப்போன குழந்தை எவர் கண்ணிலும் படாது.

எல்லைகளும் ஒன்றோடொன்று பொருந்துவதில்லை. குழந்தைகள் நலக் குழுவுக்கு மைசூரு என்பது வருவாய் மாவட்டம் முழுவதும். குற்ற ஆவணக் காப்பகத்தின் மாவட்டவாரி அட்டவணையிலோ மைசூரு நகரம் ஒரு வரி, மைசூரு மாவட்டம் மற்றொரு வரி. ரயில்வே காவல்துறை பதிவுசெய்யும் வழக்குகள் இவ்விரண்டிலும் சேராமல் மூன்றாவது வரிக்குப் போகின்றன. நடைமேடையில் கண்டெடுக்கப்பட்ட சிறுவனுக்கு நேர்ந்த குற்றம் ரயில்வே கணக்கிலும், அவனுக்குத் தரப்பட்ட பாதுகாப்பு மைசூரு கணக்கிலும் இருக்கும். இரண்டு கணக்குகளும் சரியானவையே. ஆனால் இரண்டையும் அருகருகே வைத்து, குற்றங்களைவிடப் பாதுகாக்கப்பட்டோர் மிகுதி என்றோ குறைவு என்றோ முடிவுக்கு வருபவர் தவறான இடத்துக்கே போய்ச் சேர்வார்.

இனி மொழிக்கு வருவோம். ஒரு தமிழ்ச் சிறுமி ‘மாமா’ என்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். தமிழில் அச்சொல் தாயின் உடன்பிறந்தவரைக் குறிக்கும். அத்தையின் கணவரைக் குறிக்கும். அடுத்த வீட்டுக்காரரைக் குறிக்கும். அப்பாவின் நண்பரையும் குறிக்கும். தென்னிந்தியாவின் பல சமூகங்களில், நாளை அவளை மணக்க உரிமையுள்ளவர் என்று வீட்டார் சொல்லிவைத்திருக்கும் ஆளையும் அதே சொல் குறிக்கும். குற்ற ஆவணக் காப்பகத்தின் அட்டவணையோ குற்றம் சாட்டப்பட்டவரைக் குடும்ப உறுப்பினர், குடும்ப நண்பர் அல்லது அண்டை வீட்டார் அல்லது அறிந்த பிறர், திருமண ஆசை காட்டிய நண்பர் எனத் தனித்தனிக் கட்டங்களில் வைக்கிறது. ‘மாமா’ என்ற ஒரே சொல் இவற்றுள் எந்தக் கட்டத்துக்கும் போகலாம். எழுதுபவர் இன்னொரு கேள்வி கேட்டிருந்தால் சரியான கட்டத்துக்குப் போகும். கேட்கவில்லையெனில், அவர் மனத்தில் அச்சொல்லுக்கு என்ன பொருளோ அதுவே புள்ளிவிவரமாகிவிடும். 2021-ஆம் ஆண்டு அறிக்கையின்படி, போக்சோவின் கடுமையான பிரிவுகளில் வந்த வழக்குகளில் ஏறத்தாழ 96 விழுக்காட்டில் குற்றம் சாட்டப்பட்டவர் குழந்தைக்கு முன்பே தெரிந்தவர். இந்த எண் உண்மையை உரக்கச் சொல்கிறது. ஆனால் அந்தத் ‘தெரிந்தவர்’ வீட்டுக்குள் இருப்பவரா வெளியில் இருப்பவரா என்பதே அக்குழந்தையை அன்றிரவு எங்கே தங்கவைப்பது என்பதைத் தீர்மானிக்கும். அந்த இடத்தில் ஓர் உறவுச்சொல்லை எழுதுபவர் எப்படிப் புரிந்துகொள்கிறார் என்பதையே எல்லாம் நம்பியிருக்கிறது.

சிறுவர்கள் நடந்ததை நேராகப் பெயரிட்டுச் சொல்வதும் குறைவு. ‘தப்பா நடந்துக்கிட்டாங்க’, ‘என்னமோ பண்ணினாங்க’, ‘எனக்குப் பிடிக்கலை’ என்றுதான் பேச்சு தொடங்கும். சட்டமோ ஊடுருவும் தாக்குதல், ஊடுருவா வகைத் தாக்குதல், தொல்லை என்று பிரித்து ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு தண்டனை வகுத்திருக்கிறது. ‘தப்பு’ என்ற சொல் எந்தப் பிரிவு என்று எவரேனும் முடிவு செய்தாக வேண்டும். கர்நாடகக் காவல்துறையும் நீதிமன்றமும் எழுதும் கன்னடம் வடசொற்கள் நிறைந்தது. குற்றம் சாட்டப்பட்டவர் அங்கே ‘ஆரோபி’. பாதிக்கப்பட்ட சிறுமியைப் பல ஆவணங்கள் ‘நொந்த பாலகி’ என்று குறிக்கின்றன. தமிழரும் அகராதியின்றிப் புரிந்துகொள்ளக்கூடிய, மனத்தைத் தொடும் சொல் அது. எனினும் எந்தச் சிறுமியும் தன்னை அப்படி அழைத்துக்கொள்வதில்லை. தமிழிலோ ஜேனு குறுபர் பேச்சிலோ தொடங்கிய ஒரு வாக்கியம், ஆவணக் கன்னடத்தின் வழியாக இணையதளத்தின் ஆங்கிலக் கட்டத்தை அடையும்போது, அதில் குழந்தையின் சொல் ஒன்றுகூட மிஞ்சியிருக்கும் என்பதற்கு உறுதியில்லை.

பெயருக்கும் இதே கதிதான். காணாமற்போன குழந்தைகளையும் கண்டெடுக்கப்பட்ட குழந்தைகளையும் இணையதளத்தில் பதிந்து ஒப்பிடும் ஏற்பாடு நாட்டில் உண்டு. ஓர் ஊரின் காவல் நிலையம் எழுதிய பெயரும் வேறோர் ஊரின் இல்லம் எழுதிய பெயரும் ஒத்துப்போக வேண்டும். இன்றைய கன்னடத்தில் ழகரம் இல்லை. கயல்விழி என்ற சிறுமியின் பெயர் கன்னடக் காதில் ளகரமாக விழுந்து, ஆங்கில எழுத்தில் வேறொன்றாகப் பதிவானால், தாய் கொடுத்த புகாரும் மகளின் பதிவும் ஒரே தளத்தில் இருந்தும் சந்திக்காமல் போகக்கூடும்.

பேசாத குழந்தையும் உண்டு. 1996-இல் மும்பையில் ஜெரூ பில்லிமோரியா முன்னின்று, டாட்டா சமூக அறிவியல் நிறுவனத்தின் களப்பணியாகத் தொடங்கியது சைல்டுலைன். அது தன் அழைப்புகளைப் பிரித்து எழுதியபோது ‘மௌன அழைப்பு’ என்று ஒரு வகையைத் தனியே வைத்திருந்தது. மணி அடிக்கும், எடுத்தால் எதிர்முனையில் மூச்சுச் சத்தமோ, வீட்டின் ஓசையோ, வெறும் அமைதியோ இருக்கும். அந்த அழைப்புகளை வீண் என்று தள்ளாமல், பேசத் துணிவு வராத குழந்தை முதலில் ஒத்திகை பார்க்கிறது என்று கருதி எண்ணி வைத்தார்கள். மொத்த அழைப்புகளில் அவற்றின் பங்கு சிறியதன்று. குழந்தை சொல்லாததையும் சொன்னபடியே பதிந்த ஒரே பத்தி அதுதான் எனலாம். 2023-இல் 1098 சேவை அரசின் கட்டுப்பாட்டு அறைகளுக்கு மாற்றப்பட்டு, 112 அவசர உதவி எண்ணுடன் இணைக்கப்பட்டது. அவசரத்துக்கான ஏற்பாட்டில் விரைவு முதன்மையானது; மௌனத்தைக் கேட்கவோ பொறுமை வேண்டும். இவ்விரண்டையும் ஒரே அறையில் எப்படிக் காப்பது என்பது இனி அரசு விடைகாண வேண்டிய கேள்வி.

காவல்துறைப் புள்ளிவிவரத்துக்கும் சில விதிகள் உண்டு. அவற்றை அறியாமல் அதைப் படிக்கலாகாது. ஒரே முதல் தகவல் அறிக்கையில் பல குற்றங்கள் இருந்தால், அவற்றுள் மிகக் கடுமையான தண்டனை உள்ள குற்றம் மட்டுமே எண்ணிக்கையில் சேரும். குற்ற ஆவணக் காப்பகமே இதைத் தன் நூலில் தெரிவிக்கிறது. எண்ணப்படுவது அவ்வாண்டில் பதிவான வழக்கே தவிர, அவ்வாண்டில் நிகழ்ந்த குற்றம் அன்று. ஆறு வயதில் நேர்ந்ததைப் பதினான்கு வயதில் சொல்லும் பிள்ளை, சொன்ன ஆண்டின் கணக்கில்தான் வருவாள்.

இடமும் அப்படியே. 2022 ஆகஸ்டில், சித்ரதுர்க்காவின் முருகா மடத்து விடுதியில் தங்கிப் படித்த இரண்டு சிறுமியர் மைசூருவின் ஒடனாடி அமைப்பை வந்தடைந்தனர். மைசூருக் குழந்தைகள் நலக் குழுவின் முன் அவர்கள் பேசியதைத் தொடர்ந்து, நஜர்பாத் காவல் நிலையத்தில் வழக்கு பதிவாகி, பின்னர் சம்பவ இடம் என்ற முறையில் சித்ரதுர்க்காவுக்கு மாற்றப்பட்டது. நாடே கவனித்த அவ்வழக்கில் 2025 நவம்பரில் நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்டவர்களை விடுதலை செய்தது. வழக்கின் சரிதவறு இங்கே பேசுபொருள் அன்று. கணக்கை மட்டும் பார்த்தால், அது சித்ரதுர்க்காவின் ஓர் எண். இரண்டு பிள்ளைகள் மாவட்ட எல்லைகளைக் கடந்து வேறோர் ஊரில்தான் வாய் திறந்தனர் என்ற செய்தி எந்த அட்டவணையிலும் ஏறவில்லை. குழந்தைகள் எங்கே போய்ப் பேசத் துணிகிறார்கள் என்பது, பாதுகாப்பு ஏற்பாட்டைத் திட்டமிடுவோருக்குக் குற்றம் எங்கே நடந்தது என்பதைப் போலவே தேவையான செய்தி.

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்க்கையில் ஒன்று தெளிவாகிறது. நம்மிடம் உள்ள எண்கள் பெரும்பாலும் குழந்தையின் காயத்தை அளப்பவை அல்ல. கேட்கும் காதின் திறனை அளப்பவை. குழந்தைத் திருமணம் இதற்கு நல்ல சான்று. 2021-இல் நாடு முழுவதும் குழந்தைத் திருமணத் தடைச் சட்டத்தின் கீழ் பதிவான வழக்குகள் 1,050. அவற்றுள் கர்நாடகத்தில் மட்டும் 273. மாநிலங்களில் அதுவே முதலிடம். அன்றைய தலைப்புச் செய்திகள் அதை இழிவாகவே சொல்லின. அதே காலத்தில், 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, 20 முதல் 24 வயதுப் பெண்களில் 18 வயதுக்கு முன் மணமானோர் கர்நாடகத்தில் 21.3 விழுக்காடு, நாட்டின் சராசரி 23.3. வீடு வீடாகச் சென்று கேட்ட கணக்கில் கர்நாடகம் சராசரிக்குக் கீழே. வழக்குக் கணக்கிலோ உச்சியில். கர்நாடகம் தன் மாநிலத் திருத்தத்தால் குழந்தைத் திருமணத்தைத் தொடக்கம் முதலே செல்லாததாக்கியது. பல துறைகளின் அலுவலர்களைத் தடுப்பு அலுவலர்களாகவும் அமர்த்தியது. பதியும் கைகள் மிகுந்தால் பதிவும் மிகும். பதிவு குறைந்த மாநிலத்தைப் பாராட்டுவதற்கு முன் அங்கே எழுத ஆள் இருந்தாரா என்று கேட்க வேண்டும்.

2007-இல் மத்திய பெண்கள் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் வெளியிட்ட ஆய்வும் இதையே காட்டியது. 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் நேரில் பேசியபோது, 53.22 விழுக்காட்டினர் ஏதேனும் ஒரு வகைப் பாலியல் தொல்லைக்கு ஆளானதாகக் கூறினர். பெரும்பாலோர் அதுவரை எவரிடமும் சொல்லியிருக்கவில்லை. அவர்களைத் தேடிப்போய்க் கேட்டதால் கிடைத்த எண் அது.

மாதாந்தர அறிக்கைகளில் ‘தடுக்கப்பட்ட திருமணங்கள்’ என்ற பத்தியையும் இவ்வாறே படிக்க வேண்டும். அலுவலர் போனார், பெற்றோரிடம் உறுதிமொழி எழுதி வாங்கினார், திரும்பினார். ஒன்று என்று எழுதியாயிற்று. இரண்டு மாதம் கழித்து அடுத்த மாவட்டத்துக் கோயிலில் அதே பெண்ணுக்குத் தாலி கட்டப்பட்டால், அந்த ஒன்றை எவரும் அடிப்பதில்லை. தடுத்த நாளை எழுதும் ஏட்டில், ஆறு மாதத்துக்குப் பின் அவள் பள்ளியில் இருக்கிறாளா என்று எழுத இடம் வேண்டும்.

எண்கள் பொருந்தாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு உச்ச நீதிமன்றத்தில் நிகழ்ந்த ஒன்று போதும். மாமல்லபுரத்தில் ஒரு காப்பகத்தைப் பற்றி 2007-இல் வந்த செய்தியில் தொடங்கி, தமிழ்நாட்டு ஆதரவற்றோர் இல்லங்களின் பெயரால் நடந்த வழக்கு அது. 2018 ஆகஸ்டில் நீதிபதி மதன் லோகுர் அமர்வு, இரண்டு கணக்குகளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தது. 2016-17 கணக்கெடுப்பில் இல்லங்களில் இருந்த குழந்தைகள் ஏறத்தாழ 4.73 லட்சம், 2018 மார்ச்சில் அரசு தந்த கணக்கில் 2.61 லட்சம். நடுவில் இரண்டு லட்சம் பேர். அவர்கள் வீடு திரும்பினார்களா, இரு முறை எண்ணப்பட்டிருந்தார்களா, இல்லங்கள் மூடப்பட்டனவா என்பதை அந்த எண்களிலிருந்தே அறிய இயலவில்லை. குழந்தைகள் வெறும் எண்களாகிவிட்டதை நீதிமன்றம் வருத்தத்துடன் சுட்டியது.

அப்படியானால் எல்லாவற்றையும் எழுதிவிடுவதே தீர்வா? அதிலும் ஆபத்து உண்டு. கர்நாடகத்தில் கருவுற்ற பெண்ணுக்குச் சுகாதாரத் துறை தருவது ‘தாயி’ அட்டை. பதினெட்டு நிறையாத பெண் அந்த அட்டைக்கு வந்தால், போக்சோவின் 19ஆம் பிரிவின்படி காவல்துறைக்குத் தெரிவிப்பது மருத்துவமனையின் கடமை, தெரிவிக்காமை குற்றம். கணவனோ தந்தையோ சிறைக்குப் போவார் என்ற அச்சத்தில் சிலர் வயதை மாற்றிச் சொல்வார்கள்; சிலர் மருத்துவமனைக்கே வரமாட்டார்கள். அப்போது பதிவும் போகும், பெண்ணின் உயிருக்கும் ஆபத்து வரும். 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் இந்த முடிச்சைச் சற்றே தளர்த்தியது: கருக்கலைப்புக்கு வரும் சிறுமி கேட்டுக்கொண்டால், மருத்துவர் தன் தகவலில் அவளுடைய பெயரையும் அடையாளத்தையும் வெளியிடத் தேவையில்லை. எண்ணிக்கைக்கு அவள் வேண்டும். ஆனால் எண்ணிக்கைக்காக அவளை இழக்கலாகாது என்பதே அத்தீர்ப்பின் சாரம்.

அடையாளத்தைக் காப்பதும் இதில் அடங்கும். ஒரு வட்டத்தில், ஒரு பழங்குடிப் பிரிவில், ஓராண்டில் ஒரே ஒரு வழக்கு என்று அச்சிட்டால், பெயரே இல்லாமல் அந்த ஹாடி முழுவதும் அவள் யாரென்று அறிந்துவிடும். போக்சோவின் 23ஆம் பிரிவும் இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவும் அடையாளத்தை மறைக்கச் சொல்வது செய்தித்தாளுக்கு மட்டுமன்று. புள்ளிவிவரம் வெளியிடுவோருக்கும் அது அறிவுரை.

வெளிநாட்டு அனுபவமும் இங்கே உதவும். அமெரிக்காவில் 1974-ஆம் ஆண்டுச் சட்டமும் 1988-இல் வந்த அதன் திருத்தமும், மாநிலங்களின் குழந்தைப் பாதுகாப்புத் தரவைத் தேசிய அளவில் திரட்ட வழிவகுத்தன. அங்கே கற்றுக்கொண்ட அடிப்படைப் பாடம் எளியது. ஒரு குழந்தையைப் பற்றி ஓராண்டில் மூன்று முறை தகவல் வந்தால், தகவல்கள் மூன்று, குழந்தை ஒன்று. இரண்டையும் தனித்தனியே எண்ணுகிறார்கள். மும்முறை வந்த குழந்தையே மிகுந்த ஆபத்தில் இருப்பது என்பதால், அப்பிரிப்பு கணக்கர்களின் நுணுக்கம் மட்டுமன்று.

மைசூருவில் செய்யக்கூடியவை பெரிய செலவு பிடிப்பவை அல்ல. பெயரில்லாத ஒரே குறியீட்டு எண், அழைப்பிலிருந்து தீர்ப்புவரை எல்லாப் பதிவேடுகளிலும் குழந்தையுடன் பயணிக்கலாம். குழந்தை பேசிய மொழி எது, மொழிபெயர்த்தவர் யார், பயிற்சி பெற்றவரா, பதிவைக் குழந்தைக்கு அதன் மொழியில் படித்துக் காட்டியாயிற்றா என்ற நான்கு கேள்விகளுக்கு இடம் ஒதுக்கலாம். உறவுச்சொல்லைக் கட்டத்துக்குள் தள்ளுமுன், குழந்தை சொன்ன சொல்லை அதன் ஒலிப்பிலேயே எழுதி வைக்கலாம். மாவட்டத்தில் பேசப்படும் மொழிகளுக்கு மொழிபெயர்ப்பாளர் பட்டியல் தயாரிக்கவும், காவலருக்கும் குழு உறுப்பினருக்கும் பயிற்சி தரவும் தேவையான அறிவு அந்த ஊரின் இரண்டு தேசிய நிறுவனங்களிலேயே இருக்கிறது. பேச இயலாத, கேட்க இயலாத குழந்தைக்குச் சிறப்பு ஆசிரியரின் உதவி வேண்டும் என்று சட்டமே சொல்லியிருக்கிறது.

இதற்குப் புதிய சட்டமும் வேண்டியதில்லை. குழந்தைகள் நலக் குழுவின் செயற்பாட்டை மாவட்ட ஆட்சியர் மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஆய்வு செய்ய வேண்டும் என்று இளைஞர் நீதிச் சட்டத்தின் 27ஆம் பிரிவு ஏற்கெனவே கூறுகிறது. அந்த ஆய்வுக் கூட்டத்தின் மேசையில் வழக்கமாக வைக்கப்படுவது முடிந்தவை எத்தனை, நிலுவை எத்தனை என்ற கணக்கு. அதோடு இன்னொரு தாளும் சேரட்டும்: இந்தக் காலாண்டில் எத்தனைக் குழந்தைகள் தங்கள் மொழியில் பேசினார்கள், எத்தனைப் பேர் வேறு மொழியில் பேச வேண்டியிருந்தது, எத்தனைப் பேர் ஒன்றும் பேசவில்லை.